இடது கால்

சோழமண்டலம் என்ற பேர்
கப்பல் உப்பில் ஊறி, பிரெஞ்சு நாக்கில் தேய்ந்து
கொரொமாண்டெல் ஆகிக் கிடக்கிற மேட்டில்
வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தேகாலுக்கு
என் வண்டி நின்றுபோனது.

நின்றுபோனது என்றால்
ஒரு குலுங்கல். ஒரு விக்கல். அப்புறம்
டேஷ்போர்டின் சிவப்பு விளக்கெல்லாம் ஒன்றாக,
காவடிக்குக் கோயில் வாசலில் சரம் போட்ட மாதிரி.

மொரீஷியஸ் கிரியோலில் இதற்குக் கலே என்று பெயர்.
லோட்டோ இன் கலே, என்பார்கள்.
மூன்றாம் வகுப்பில் தமிழ் மிஸ்
கலை என்ற சொல்லை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னபோது
எங்கள் மாமாவின் கார் தினமும் கலை ஆகும்
என்று எழுதினேன்.
பத்துக்கு இரண்டு.
அந்த இரண்டு எதற்கென்று இன்னும் விளங்கவில்லை.

பின்னால் எண்ணூரில் பிறந்த லேலண்ட் பஸ்,
என் கண்ணாடி முழுக்க அதன் முகம்.
பிரேக்கை விட்டால் நான் அதன் மடியில்.
வலது கால் பிரேக்கில்,
இடது கால் கிளட்சில்,
ஆக்ஸிலரேட்டருக்கு ஒரு கால் குறைகிறது.
முருகனுக்குப் பன்னிரண்டு கை கொடுத்தவர்கள்
கால் விஷயத்தில் ஏன்தான் சிக்கனம் பிடித்தார்களோ.

பஸ்காரன் ஹாரன் அடிக்கவில்லை.
அவனுக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் அடித்தார்கள்.
அவன் மட்டும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையெடுத்து
மெல்ல, மெல்ல என்று காற்றைத் தடவினான்.
அவனுக்கும் கிளட்ச் இருக்கிறதல்லவா.

அக்கவுண்ட்ஸில் என் பக்கத்து மேஜை
சிவகாமி வலாய்டன் சொல்வாள்:
கூட்டலும் கழித்தலும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது,
நீ மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று
கியரைக் கையால் எண்ணிக்கொண்டிரு.

அவள் வண்டி ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தது.
ஆட்டோமேட்டிக்.
ஸ்டார்ட் செய்ததும் ஒரு பெண் குரல்
ஜப்பானிய மொழியில் பணிவாக என்னவோ மன்றாடும்.
ஏதோ ஓர் அட்டையைச் செருகவில்லையாம்,
மெக்கானிக் சொன்னான்.
எட்டு வருஷமாகச் செருகவில்லை.
வி, வி, மோ கொனே
என்று அந்தக் குரலைச் சமாதானம் செய்துவிட்டுத்தான்
சிவகாமி தினமும் புறப்படுகிறாள்.

ஒருநாள் எனக்கு ஓட்டத் தந்தாள்.
பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.
நான் கேட்காமலே நகர்ந்தது.
யார் சொன்னார்கள் உன்னை?
இல்லாத கிளட்சைத் தேடிப் போன இடது கால்
பிரேக்கை ஓங்கி மிதிக்க,
சிவகாமி மடியிலிருந்த தால்பூரி
மிளகாய்ச் சட்னியோடு
விண்ட்ஷீல்டில் ஒட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தது.

ஒத்துக்கொள்கிறேன்.
என் இடது முட்டி ஆட்டோமேட்டிக் கட்சி.
போர்ட் லூயியிலிருந்து ரோஸ் ஹில் வரை
முதல் கியர், இரண்டு, முதல், நில்,
மழை பெய்தால் முதல், நில், நில்.
ஆட்டோமேட்டிக்கில் ஒரு கையால் சாப்பிடலாம்.
அழக்கூடச் செய்யலாம்.
கியர் மாற்றிக்கொண்டே அழுவது கடினம்,
கந்தோஸ் ஆஸ்பத்திரியிலிருந்து தனியாகத் திரும்பிய இரவு
முயன்று பார்த்திருக்கிறேன்.
மூன்றாவதற்கு மேல் ஏறவில்லை,
வண்டியும் நானும்.

ஆனால் பாதத்துக்கு அடியில் ஓர் இடம் உண்டு, சிவகாமி.
அரை விரற்கடை இருக்கும்.
அங்கே வந்தால் இன்ஜின் சுருதி கொஞ்சம் இறங்கும்,
வண்டி மூக்கைத் தூக்கி மோப்பம் பிடிக்கும்.
செருப்பைக் கழற்றிவிட்டால் இன்னும் நன்றாகத் தெரியும்.
உன் வண்டியில் அது எங்கே இருக்கிறது, காட்டு.

செருப்பைக் கழற்றினேன்.
ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தேன்.
சாவி. முதல் கியர்.
வலது காலுக்கு விடுதலை.
இடது காலை
தூங்கும் குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை எடுப்பதுபோல எடுத்தேன்.
சுருதி இறங்கியது.
மூக்கு தூக்கியது.
ஹேண்ட்பிரேக்கை விட்டேன்,
கொரொமாண்டெல் என்னைப் பின்னுக்கு இழுக்கவில்லை.
கண்ணாடியில் பஸ்காரன் தலையாட்டினான்.

இருபது மீட்டர்.

மறுபடியும் கலே.

இந்தத் தடவை அவனும் ஹாரன் அடித்தான்.